அழியாத புலம்

தார்த்து நகரில் ஜனவரி.
மூன்றரை மணிக்கே தெருவிளக்கு எரிந்துவிட்டது.
துளைக்கருவி, கூடாரம், பனிவண்டி,
ஆண்டுக்கு ஒரு விருந்துக்கு மட்டும் தேவைப்படும் அண்டா
என எல்லாவற்றையும் இரவல் தரும் நிலையத்தில்
ஒரு புலத்தை அழிக்க உட்கார்ந்தாள் விர்வே.

புலத்தின் பெயர் பிணைத்தொகை.
பிணை வாங்குவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது.
காலிக் கட்டங்கள் மட்டும்
திரையின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

அழிக்கும் பட்டன் சாம்பல் நிறத்தில் இருந்தது.
அழுத்தினாள். அழுந்தவில்லை.
இந்த டேபிளுக்கு உரிமையாளர் ராய்வோ.
ராய்வோ வேலையை விட்டு ஊலு போய்விட்டான்,
ஃபின்லாந்தில் எங்கோ மீன் வறுத்துக்கொண்டிருந்தவன்
போனிலேயே அனுமதியை மாற்றிக் கொடுத்தான்.
"வேறு எதையும் தொட்டுவிடாதே" என்றான்.
எண்ணெய் சீறும் சத்தம் கேட்டது.

பட்டன் சிவந்தது. அழுத்தினாள்.
இந்தப் புலத்தை வேறொன்று சார்ந்திருக்கிறது
என்றது ஆப்.
எது என்று சொல்லவில்லை.

மறைத்து வைத்த பார்வைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.
"சோதனை 2."
"தொடாதே."
"தொடாதே புதியது."
கடைசியில் இன்னொரு டேபிளின் அடியில்
யாரும் படிக்காத ஒரு ஃபார்முலா
யாருக்கும் வராத பணத்தைக்
கழித்துக்கொண்டே இருந்தது, இரவும் பகலும்.
புலம் இருந்த இடத்தில் சுழியம் போட்டாள்.

போயிற்று.
தேநீருக்கு வெந்நீர் வைத்துவிட்டு வந்தாள்.
ரீஃப்ரெஷ் செய்தாள்.
பிணைத்தொகை அதே இடத்தில்,
பெயரில் ஒரு எழுத்துகூடக் குறையாமல்.

மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்பார்கள்.
இந்த ஊர் ஆற்றில் முதலை இல்லை, உறைபனிதான்.
ஒருமணி நேரத்தில் நான்கு முறை அழித்தாள்,
நான்கு முறையும் திரும்பி வந்தது.
புலம் போய், புலம்பல் மிஞ்சியது.

கெய்டிதான் கண்டுபிடித்தாள்.
கீழ்த்தளத்தில், பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு நடுவே
ஒரு பழைய டேப்லெட்.
அங்கே நெட் எட்டாது.
யாராவது அதைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினால்
எட்டாவது படியில் அதற்கு நினைவு திரும்பும்,
போன வருடத்து நினைவு.
உடனே எல்லாவற்றையும் மேலே அனுப்பிவிடும்.
அன்று கெய்டி கணக்கெடுக்க நாலு தரம் ஏறியிருந்தாள்.

டேப்லெட்டை அணைத்தார்கள்.
கடைசியாக அழிக்கும் முன்
எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஃபில்டர் போட்டாள் விர்வே:
காலியாக இல்லாதவை.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரிசையில்
ஒன்றே ஒன்று.

ஹெல்துர் பூர். பனிவண்டி, பெரியது. பன்னிரண்டு யூரோ.
திருப்பிய தேதி இல்லை.

போன் செய்தாள்.
நீண்ட நேரம் மூச்சு மட்டும் வந்தது.
"விறகு ஏற்றினேன், உடைந்துவிட்டது" என்றார்.
"நீங்கள் தேடுவீர்கள் என்று
நான்கு வருடமாக அந்தத் தெரு வழியே நான் வருவதில்லை.
பல்மருத்துவரைக்கூட மாற்றிவிட்டேன்."

நாங்கள் தேடவே இல்லை என்பது
அவள் நாக்கு நுனி வரை வந்தது.
"வியாழக்கிழமை திறந்திருப்போம்" என்றாள்.

பன்னிரண்டு யூரோவை ஒரு உறையில் போட்டு
மேசை இழுப்பறையில் வைத்தாள்.
பிறகு அழித்தாள்.
உறுதியா என்று கேட்டது. உறுதி.
ரீஃப்ரெஷ். வரவில்லை.
இன்னொரு முறை ரீஃப்ரெஷ்.

வியாழக்கிழமை
கம்பளித் தொப்பி போட்ட ஒருவர்
ஜன்னலைக் கடந்து போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார்.
கெய்டி எண்ணிக்கொண்டிருந்தாள்.
கதவு மணி அடித்தபோது
அவர் கையில் வண்டியின் ஒரு கால்,
நடுவில் முறிந்து, செய்தித்தாளில் சுற்றியது.

"இதற்கு நான் எவ்வளவு தர வேண்டும்?"

விர்வே திரையைப் பார்த்தாள்,
மேலிருந்து கீழ்வரை, நிதானமாக.
"இங்கே ஒன்றும் இல்லையே" என்று சொல்லிவிட்டு
இழுப்பறையைத் திறந்தாள்.